வாசல்ல களை வந்தாச்சு

அந்த வீட்டில் கலவையக்காவுக்கு எது குறைந்தாலும் மரியாதை மட்டும் குறைந்ததே இல்லை. வேளாவேளைக்கு, அளவு தவறாமல் கிடைத்தது. “சாப்பிடுறீங்களா?” “உங்களுக்குத் தண்ணி சுட வைக்கட்டுமா?” “நீங்க முதல்ல குளிச்சிடுங்க, நான் அப்புறம் போறேன்.” பேசுகிறவள் பதினேழு வயதுப் பெண். முகத்தில் ஒரு சுளிப்புக் கிடையாது, குரலில் ஒரு முணுமுணுப்புக் கிடையாது. நல்ல ஓட்டலில் பரிமாறுகிறவர் பேசுவது போல் பேசினாள். ஓட்டலில் ஒரு வேளை அப்படிப் பேசினால் மனசு குளிரும். வீட்டில் எட்டு மாதம் பேசினால் யாருக்கும் வெந்துபோகும்.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் கலவையக்கா தையற்காரரைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு நாற்பத்து நான்கு, அவருக்கு ஐம்பது. சந்தைத் தெரு விதைக்கடையில் பத்தொன்பது வருஷமாகக் காட்டுப்பூ விதைகளை அளந்து கலந்து கொடுக்கிறவள். பெற்றவர்கள் வைத்த பெயர் எப்போதோ உதிர்ந்துபோய், கலவையக்கா என்பதே நின்றுவிட்டது. தையற்காரரின் முதல் மனைவி, மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது போய்ச் சேர்ந்தவர். அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் மனுஷன் ஒண்டியாகவே மகளை வளர்த்தார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் பொத்தான் டப்பாவைக் கொடுத்துவிடுவார். குழந்தை அதைக் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்து, இரண்டு ஓட்டை தனி, நாலு ஓட்டை தனி என்று அடுக்கிவிட்டுத்தான் தூங்கும். அதனால் அவளுக்குப் பொத்தான் என்று பெயர். இன்றைக்கும் அவள் அலமாரியில் புத்தகங்கள் உயர வரிசைப்படிதான் நிற்கும்.

அந்தப் பொத்தான் அப்பாவிடம் “நீ எங்க போற?” என்பாள். மதிலில் வந்து உட்காரும் பூனையிடம் “நீ இன்னும் போகலையா?” என்பாள். கலவையக்காவிடம் திரும்பியதும் நாக்கில் ஒரு ‘ங்க’ வந்து ஒட்டிக்கொள்ளும். கூப்பிடவும் ஒரு பெயர் கிடையாது. தமிழில் உறவுப் பெயருக்கா பஞ்சம்? அம்மா, சின்னம்மா, சித்தி, எதுவும் ஆகாவிட்டால் ஆன்ட்டி. ஒன்றும் வரவில்லை. “இந்தாங்க” என்பாள், “கேட்டீங்களா” என்பாள், இல்லாவிட்டால் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள்.

“மரியாதையாத்தானே நடந்துக்குது, அப்புறம் உனக்கு என்ன?” என்றார் தையற்காரர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

“அதாங்க என் கவலையே. விருந்தாளிக்குத்தான் மரியாதை. நான் என்ன, பெட்டியோட வந்து பெட்டியோட திரும்பிப் போறவளா?”

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ‘நீ’. அன்பாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. எரிச்சலில் சொன்னாலும் போதும், கதவை அறைந்து சாத்திக்கொண்டு சொன்னால் இன்னும் விசேஷம். அம்மா என்று கூப்பிட வேண்டும் என்கிற பேராசையெல்லாம் இல்லை. அந்தப் பெயருக்கு உரியவர் கூடத்துச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறார், அவரோடு போட்டி போட இவள் வரவில்லை. ஒரு ‘நீ’ வந்துவிட்டால் அந்த வீட்டில் காலை நீட்டி உட்காரலாம், அவ்வளவுதான்.

வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் இருபதடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. நிலம் என்று சொன்னால் நிலத்துக்குக் கோபம் வரும். வீட்டைக் கட்டியவன் மிச்சச் செங்கலையும் சிமெண்டுக் கட்டியையும் அங்கேதான் புதைத்துவிட்டுப் போயிருந்தான். சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் பஸ் டிக்கெட்டை அங்கேதான் கசக்கிப் போடுவார்கள். ஒரு நாள் தையற்காரர் பளபளவென்று ஒரு டப்பாவோடு வந்தார். டப்பாவைச் சுற்றிலும் சிவப்பும் நீலமுமாகப் பூக்கள். நடுவில் தொப்பி போட்ட ஒரு குழந்தை ஓடிக்கொண்டிருந்தது.

“விதைக்கடைக்காரி புருஷன் வேற கடையில விதை வாங்கிட்டு வந்திருக்கீங்க. வெளிய சொல்லிடாதீங்க, என் மானம் கப்பலேறிடும்,” என்றாள் கலவையக்கா.

“படத்தைப் பாரேன். இந்த மாதிரி வருமில்ல?”

“வரும். படம் எந்த ஊர்ல எடுத்தாங்களோ அந்த ஊர்ல வரும்.”

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பொத்தான் சட்டென்று ஒரு துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான். கலவையக்கா அதைப் பார்த்துவிட்டாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அப்ப நம்ம மண்ணுக்கு எதுதான் வரும்?”

“நாட்டு விதை.”

“எந்த நாட்டு விதை?”

“நாட்டு விதைன்னா நாட்டு விதைங்க! நாட்டுக்கோழின்னா எந்த நாடுன்னு பாஸ்போர்ட்டா கேப்பீங்க?”

இந்த முறை துண்டுக்குப் பின்னாலிருந்து சத்தமே வந்தது.

விதையைத் தொடும் முன் இடத்தை விசாரிக்க வேண்டும் என்பது கலவையக்காவின் தொழில் தர்மம். இடத்துக்காரர்களைக் கேட்டுப் பயனில்லை. மகனுக்குப் பெண் தேடுகிறவர்கள் மகனைப் பற்றிச் சொல்வது போலத்தான் எல்லாரும் தங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்வார்கள். தங்கமான மண்ணு, நாள் முழுக்க வெயில், தண்ணி ஒரு சொட்டு நிக்காது என்பார்கள். போய்ப் பார்த்தால் மூன்றும் பொய்யாக இருக்கும். அதனால் அவள் யாரையும் கேட்காமல், வாசல் மண்ணில் நாலு இடத்தில் தோண்டி எடுத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வைத்தாள்.

“இது எதுக்குங்க?” என்று வந்து நின்றாள் பொத்தான்.

“கனமானது முதல்ல கீழ இறங்கும். மணல், அதுக்கு மேல வண்டல், எல்லாத்துக்கும் மேல களிமண். நாளைக்குப் பாத்தா அடுக்கு அடுக்காத் தெரியும்.”

அடுக்கு என்ற சொல் போதாதா அந்தப் பெண்ணுக்கு! மறுநாள் காலை கலவையக்கா எழுந்திருக்கும் முன்பே பாட்டிலுக்குப் பக்கத்தில் அளவுகோலும் நோட்டும் இருந்தன. மணல் ஏழு சென்டிமீட்டர், வண்டல் இரண்டரை, களிமண் ஒன்று என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். அந்த வார விடுமுறையில் மணிக்கு ஒருமுறை வெளியே போய், நிழல் விழும் ஓரத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தாள். “காலையில ஒன்பதுலேருந்து மூணு வரைக்கும் நல்ல வெயிலுங்க. இந்த மூலையில மட்டும் பதினொண்ணுக்கே நிழல் வந்துடுது.” வேலையில் இருவரும் அப்படி ஒட்டிக்கொண்டார்கள். ‘ங்க’ மட்டும் போகவில்லை.

தெருக்கோடியில் ஒரு காலி மனை. யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் விடாமல் அங்கே என்ன பூத்திருக்கிறது என்று கலவையக்கா போய்ப் பார்த்தாள். அந்தக் காலி மனையைப் போல நேர்மையான ஆலோசகர் உலகத்தில் கிடையாது. அங்கே இருந்தவற்றையே கடையில் தேடி எடுத்தாள். வெள்ளையாகப் பூக்கும் தும்பை, முதலில் முளைத்துத் தேனீயைக் கூட்டிவரும். ஆனால் பஸ்ஸில் துண்டு போட்டு நாலு சீட்டுப் பிடிக்கிறவர் போல இடத்தை வளைத்துக்கொள்ளும் என்பதால் ஒரு சிட்டிகைதான் சேர்த்தாள். செங்கல் துண்டுகளுக்கு நடுவில் தரையோடு படர்ந்து நீலமாய்ப் பூக்க விஷ்ணுகிராந்தி. ஆழமாய் வேர் விட்டு ஊதாவாய்ப் பூக்கக் கொழிஞ்சி. சுவரோரத்தில் மஞ்சளாய் நிற்கக் கிலுகிலுப்பை. அதன் தோல் கடினம் என்பதால் விதைகளை உப்புத்தாளில் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நிழல் விழும் மூலைக்கு ஒரு குட்டிப் புல். விதை ஒரு கைப்பிடி, சலித்த மணல் எட்டுக் கைப்பிடி. மணல் சேர்க்காவிட்டால் பொடி விதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிடும்.

கலந்ததில் கொஞ்சம் எடுத்துக் கடை வாசலில் ஒரு தட்டில் விதைத்து, சீட்டு எழுதிக் குத்தி வைத்தாள். எந்தக் கலவை கடையைவிட்டுப் போனாலும் அதன் பிடி ஒன்று தட்டில் முளைக்க வேண்டும் என்பது கடையின் வழக்கம். ‘உங்க விதை முளைக்கவே இல்லை’ என்று யாராவது சண்டைக்கு வந்தால், ‘இங்க முளைச்சிருக்கே, வந்து பாருங்க’ என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

முதல் மழை பெய்து மண் ஈரமாயிருந்த காலையில், தரையைக் கிளறிவிட்டு, கலவையைத் தூவி, பலகை போட்டு மிதித்து அமுக்கினாள். பொத்தானுக்கு அன்று பரீட்சை. பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

இங்கே விதைக்கடை முதலாளியம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைக்குள் யாராவது களை என்று சொன்னால் அந்த அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “களைன்னு ஒரு செடி உலகத்துலயே கிடையாது. பேர் தெரியாத செடின்னு சொல்லு!” என்று எரிந்து விழுவார். பத்தொன்பது வருஷம் அந்தக் கடையில் குப்பை கொட்டியதில், கலவையக்காவின் வாயிலிருந்து அந்தச் சொல்லின் பாதி அர்த்தம் கழன்றே போய்விட்டது. பிடுங்கி எறிகிற களை போய், முகத்துக்கு வருகிற களை மட்டும் மிச்சம் நின்றது. கல்யாணமான மறுமாதம் அவளுடைய அண்ணி பார்த்துவிட்டு “உன் முகத்துல களை வந்துடுச்சு” என்றாளே, அந்தக் களை.

விதைத்த மூன்றே வாரத்தில் வாசலுக்கும் அந்தக் களை வந்தது. செங்கல் தெரிந்த இடமெல்லாம் பச்சைப் பொட்டு. ஒரு விரல் உயரத்தில் தும்பை, அதன் காலடியில் விஷ்ணுகிராந்தி, அங்கங்கே கொழிஞ்சியின் கூட்டிலை. தையற்காரருக்குப் பண்டிகைத் துணி தைக்கும் காலம். அவர் தலை நிமிரவே இல்லை. பொத்தானுக்குப் பரீட்சை முடியவில்லை. கலவையக்கா மட்டும் காலையில் பல் துலக்கும்போதே வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

நாலாவது வாரத்தில் வெளியூர் வேலை வந்தது. புதிதாய்ப் போட்ட பெரிய சாலையின் கரைச் சரிவில் விதை தூவ வேண்டும், மழைக்குள் முடிக்க வேண்டும், ஒன்பது நாள். விடியற்காலை வண்டி வந்து ஹாரன் அடித்தது. கலவையக்கா ஒரு விதை உறையைக் கிழித்து, பின்பக்கத்தில் அவசரமாக நாலு வார்த்தை எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு ஓடினாள்:

‘வாசல்ல களை வந்தாச்சு. கொஞ்சம் பாத்துக்கோம்மா.’

ஒன்பது நாளும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். சரிவில் விதை தூவிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அண்ணன் மகளுக்குப் போன் போட்டாள். “எங்கடி தொலைஞ்ச ஒரு வாரமா? அத்தைன்னு ஒருத்தி இருக்கிறதே மறந்துபோச்சா எருமை?” என்று பத்து நிமிஷம் திட்டு, பத்து நிமிஷம் சிரிப்பு. வீட்டில் இருந்தாலும் ஞாயிறுதோறும் இதுதான் நடக்கும். பக்கத்து அறையில் பொத்தான் படித்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கும் பேசினாள். “வாசல் எப்படிம்மா இருக்கு?” “ரொம்ப நல்லா இருக்குங்க. நீங்க வந்து பாருங்க,” என்றாள் பொத்தான். குரலில் என்றுமில்லாத ஒரு துள்ளல் இருந்தது.

பத்தாம் நாள் வண்டியிலிருந்து இறங்கினவளுக்கு முதலில் வீடு மாறி இறங்கிவிட்டோமோ என்று தோன்றியது. இருபதடிக்கு நாலடி, மொட்டைத் தலை. ஒரு பச்சை கிடையாது. செங்கல் துண்டுகளைக்கூடப் பொறுக்கி, அளவு வாரியாகச் சுவரோரம் அடுக்கியிருந்தது.

பொத்தான் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். “களை எல்லாம் எடுத்துட்டேங்க. ஒண்ணு விடல. வேரோட எடுத்தேன், இல்லேன்னா மறுபடி வருமாமே. மூணு நாள் ஆச்சு. அப்பா பக்கெட் பிடிச்சாரு.” இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். கொப்புளம் கட்டி, உடைந்து, காய்த்திருந்தது. “இனி உங்க பூ நிம்மதியா வரும்.”

மதிலோரத்தில் ஒரு குவியல் வாடிக் கிடந்தது. கலவையக்கா அதை ஒரு பார்வைதான் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அந்த முகம் அவளிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. இன்றைக்கு எதிர்பார்த்தது, பரிசுக்கு நிற்கிற குழந்தை போல.

“ரொம்ப நல்லா பண்ணியிருக்கம்மா,” என்றாள். உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள். பாதி அழுகை தும்பைக்கு. மீதி எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் தையற்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயையோ! பக்கெட் பிடிச்ச பாவி நான்தானே! நீதானே களை வந்துடுச்சுன்னு எழுதியிருந்த?”

“நான் எழுதினது அழகு வந்துடுச்சுன்னுங்க!”

அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கடைசியில் இருமினார். “சரி, சொல்லிடலாம். தெரியாம பண்ணினதுதானே.”

“மூச்சு விடாதீங்க. முதல் தடவையா எனக்குன்னு ஒண்ணு செஞ்சிருக்கா. அதையும் தப்புன்னு சொன்னா, அதுக்கப்புறம் என் பக்கமே திரும்ப மாட்டா.”

அப்படியே மூடி மறைத்தார்கள். பொத்தான் தினம் சாயங்காலம் ஆறு மக் தண்ணீர் அளந்து மொட்டை மண்ணுக்கு விட்டாள். “பூ எப்பங்க வரும்?” என்று கேட்டாள். “வரும்மா, வரும்,” என்றாள் கலவையக்கா, முகத்தைப் பார்க்காமல். பொத்தான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் புதுக் கலவையைத் தூவிவிடலாம் என்பது அவள் திட்டம். மழை முடிவதற்குள் செய்ய வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு எப்போதும் திட்டம் பலமாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, கலவையக்கா கடையில் அந்தப் புதுக் கலவைக்கு மணல் சலித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து, நாலு மணிக்கு மழை ஊற்றியது. முதலாளியம்மா தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து உறை ஒட்டிக்கொண்டிருந்தார். கடை வாசலில் ஒரு கறுப்புக் குடை வந்து நின்றது. குடைக்குக் கீழே பொத்தான். பள்ளி முடிந்து, வீட்டுக்குப் போய், கலவையக்கா குடையை மறந்து வந்துவிட்டதைப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கடைக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை.

உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். தாழ்வாரப் பலகையில் வரிசையாக முளைப்புத் தட்டுகள் இருந்தன. வரிசையைப் பார்த்தால் அவளால் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர். பல் டாக்டர் வீடு. தண்ணீர்த் தொட்டி மைதானம். கலவையக்கா நிமிர்ந்து பார்த்தபோது அவள் நாலாவது தட்டுக்கு முன்னால் குனிந்திருந்தாள். கலவையக்காவுக்குக் கையிலிருந்த சல்லடை நின்றுபோனது.

சீட்டில் ‘நம்ம வீடு, வாசல்’ என்று எழுதியிருந்தது. தட்டு நிறைய ஒரு சாண் உயரத்துக்குத் தும்பை மொட்டு விட்டிருந்தது. விஷ்ணுகிராந்தியில் நீலமாய் ஒரே ஒரு பூ.

பொத்தான் ஒரு தண்டை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். நாலு பட்டைத் தண்டு. அதே தண்டை நூற்றுக்கணக்கில் வேரோடு இழுத்த விரல்கள் அவை. அவற்றுக்குத் தெரியாமலா போகும்?

“இதுதான் நான் பிடுங்கினது,” என்றாள்.

கலவையக்கா எழுந்து வந்தாள். பொய் சொல்ல வாய் திறந்தாள், வரவில்லை. “ஆமாம்மா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“வந்து இறங்கின அன்னைக்கே.”

“அப்ப, நான் தினமும் தண்ணி ஊத்தினது?”

கலவையக்கா தட்டிலிருந்த சீட்டை நேராக்கிக் குத்தினாள்.

“சும்மா மண்ணுக்கு ஊத்திக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க. அப்பாவுக்கும் தெரியுமா? தெரியும், அதான் என்னைப் பாத்தாலே இருமுறாரு.” அவள் தண்டை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “ஏன் சொல்லல?”

“ஆசையா செஞ்சம்மா நீ. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்...”

“உங்க அண்ணன் பொண்ணு பிடுங்கியிருந்தா?”

“அது...”

“சொல்லுங்க. அவ பிடுங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? போன்லயே அந்தக் கிழி கிழிப்பீங்க. எருமைம்பீங்க, பன்னிம்பீங்க. அவ அந்தப் பக்கம் சிரிக்கிறது என் ரூம் வரைக்கும் கேக்கும். நான் கொழுப்பெடுத்து உங்க தோட்டத்தையே மொட்டை அடிச்சிருக்கேன், என்னைப் பாத்து ‘ரொம்ப நல்லா பண்ணியிருக்கம்மா’ன்னு சொல்றீங்க. கஸ்டமர்கிட்ட பேசுற மாதிரி. எட்டு மாசமா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைத் திட்டியிருக்கீங்களா?”

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியம்மா பசை தொட்ட விரலைத் தூக்கியபடியே இருந்தார்.

கலவையக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாகப் பெண் மரியாதை காட்டுகிறது, மரியாதை காட்டுகிறது என்று புருஷனிடம் புலம்பினாளே, தான் காட்டியது என்ன? ‘ம்மா’ போட்டு, பார்த்துப் பார்த்துப் பேசி, கண்ணாடிப் பாத்திரம் மாதிரி இறக்கி வைத்து. பக்கத்து அறையில் உட்கார்ந்து இந்தப் பெண்ணும் எட்டு மாதமாக ஒரு திட்டுக்குக் காத்திருந்திருக்கிறது. தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. செருப்பு வேண்டாம், வாய் இருக்கிறதே என்று இடுப்பில் கை வைத்தாள்.

“அடியே!” என்றாள். முதலாளியம்மாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு? இருபதடிக்கு ஒரே உசரத்துல, ஒரே நாள்ல, விதைச்ச மாதிரியே களை வருமாடி? பத்துச் செடி பிடுங்கினோம், ஒரு போன் போட்டுக் கேப்போம்னு தோணிச்சா? கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? அந்தக் கிலுகிலுப்பை விதை ஒவ்வொண்ணையும் உப்புத்தாள்ல தேச்சேண்டி, என் விரல்ல ரேகையே அழிஞ்சுபோச்சு! வெயில் இங்க, நிழல் அங்கன்னு ஊரு முழுக்கக் கோடு கிழிக்கத் தெரியுது, பூவுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியலையா? இதுல உங்கப்பா வேற பக்கெட் பிடிச்சாராம், பக்கெட்! அப்பனுக்கும் மகளுக்கும் சேத்து ஒரே மூளை, அதையும் மெஷினுக்கடியில தொலைச்சிட்டு நிக்கிறீங்க!”

பொத்தானின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனால் வாய் கோணவில்லை. அது வேறு விதமாக நெளிந்தது.

“நீங்க எழுதினதுதான் தப்பு,” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “களை வந்தாச்சு, பாத்துக்கோன்னு எழுதினா யாரா இருந்தாலும் பிடுங்கத்தான் செய்வாங்க.”

“நான் எழுதினது அழகுக் களைடி!”

“அப்படின்னு பிராக்கெட்ல போட்டிருக்கணும்!”

“வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கிறான், நான் உட்கார்ந்து பிராக்கெட் போடணுமா? எழுதினது புரியலைன்னா கேக்கணும்டி! கூடப் பொறந்த கொழுப்பு, கேக்க விடாது!”

“ஐயோ, ஏன் இப்படிக் கத்துற? ரோட்ல போறவங்கல்லாம் பாக்குறாங்க!”

கத்துற. கத்துறீங்க இல்லை.

சொன்னவளுக்குத் தான் சொன்னது தெரியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பதிலுக்குத் தயாராக நின்றாள். கலவையக்காவுக்கு நன்றாகவே கேட்டது. இப்போது நிறுத்தினால் அழுதுவிடுவாள்; அழுதால் பெண் பயந்துபோய் மறுபடி அந்தப் பாழாய்ப்போன ‘ங்க’வுக்குள் புகுந்துகொள்ளும். நிறுத்தக் கூடாது. இன்னொரு தரம் அதைக் கேட்காமல் விடுவதாகவும் இல்லை. ஆனால் பூ விஷயத்தில் திட்டு தீர்ந்துவிட்டது. வேறு குற்றம் தேடினாள். அந்தப் பெண்ணிடம் குற்றத்துக்கு எங்கே போவது? துணி மடிப்பாள், பாத்திரம் கழுவுவாள், படிப்பில் முதல். இப்படியா ஒரு மனுஷன் திட்ட இடமில்லாமல் பெண்ணை வளர்ப்பான் என்று புருஷன்மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த குடை கண்ணில் பட்டது.

“அது போகட்டும்,” என்று குரலை இன்னும் ஒரு கட்டை உயர்த்தினாள். “இந்த மழையில ஒத்தக் குடையைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கியே, இதை என்கிட்ட குடுத்துட்டு நீ எப்படிடி வீட்டுக்குப் போவ? நனைஞ்சுக்கிட்டுப் போவியா? அறிவிருக்கா உனக்கு?”

“வீட்ல இருக்கிறதே ஒரு குடைதான்!” என்று பொத்தான் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். “அதை உனக்குத்தானே எடுத்துட்டு வந்தேன்!”